பெரிய ஆமையை வீட்டுக்குள்ளேயே விட்டு வளர்க்கலாமா?

விடலாம். ஆனால் வருஷம் முழுக்க, வீடு முழுக்க விட்டால் ஆமையும் கெடும், வீடும் கெடும்.

இருபது கிலோவைத் தாண்டிவிட்டது, தொட்டி போதவில்லை, வீட்டுக்குள் நடமாட விடலாமா, பெரியவர்கள் 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று தடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது கிலோ என்றால் அது நம் ஊர் நட்சத்திர ஆமையாக இருக்க முடியாது. அநேகமாக சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமைதான். மாடி ஃபிளாட்டில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். வாசலில் நாலு அடி மண் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

நாங்கள் டெல்லியில், மயூர் விஹாரில், டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய ஃபிளாட்டின் தரைத்தளத்தில் இருக்கிறோம். முன்னால் சின்னதாக ஒரு மண் முற்றம் உண்டு. எங்கள் ஆமையின் பெயர் ஆராவமுதன். என் கணவருக்குக் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி கோவில் மூலவரான ஆராவமுதன் படுத்த நிலையிலிருந்து பாதி எழுந்த கோலத்தில் இருப்பார். இதுவும் எந்நேரமும் படுத்துக்கொண்டு தலையை மட்டும் பாதி தூக்கிப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர், கூப்பிட அமுது. சாமி பெயரை ஆமைக்கு வைக்கலாமா என்று ஆரம்பிப்பவர்கள் தசாவதாரத்தில் இரண்டாவது எது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன் காலேஜில் படிக்கும்போது வாங்கி வந்தான். அப்போது உள்ளங்கைக்குள் அடங்கும். விற்பவன் யாரும் இது எவ்வளவு வளரும் என்று சொல்வதில்லை. சல்காட்டாவை விடப் பெரிய நில ஆமைகள் என்றால் கலபகோஸ் ஆமையும் அல்டாப்ரா ஆமையும்தான். நாற்பது, ஐம்பது கிலோ என்பது வளர்ந்த சல்காட்டாவுக்குச் சாதாரணம். பையன் இப்போது ஜெர்மனியில். அமுது இங்கே, முப்பது கிலோவுக்கு மேல், என் தலையில். வீடியோ கால் போட்டால் "அம்மா, கேமராவைக் கீழே திருப்பு" என்பான். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்குள் கால் கட் ஆகிவிடும். சரி, அது வேறு கதை.

வீட்டுக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் உடம்பு சூடேறியதும் அமுது கிளம்பும். அதற்கு ஒரு தடம் இருக்கிறது. சுவரோரமாகவே போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் தலையை நுழைக்கும். உடம்பு நுழையாது. பின்வாங்கலாம் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. முன்கால்களை அகட்டி வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், மொசைக் தரையில் ஓடு கரகரவென்று உரசும், கோத்ரெஜ் பீரோ அங்குலம் அங்குலமாக நகரும். மேலே வைத்த பித்தளை அண்டா ஆடத் தொடங்கியதும் யாராவது எழுந்து போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, முதுகில் மாட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றும். என் மாமியார் வாக்கர் வைத்து நடப்பவர். அமுது குறுக்கே வந்தால் யார் யாருக்கு வழிவிடுவது என்று இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழக்கமாக மாமியார்தான் வழிவிடுவார்.

அப்புறம் மூத்திரம். இதை யாரும் எழுதுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து எடுத்தால் அரை வாளி போய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்குப் போகும். கூடவே வெள்ளையாக, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல யூரேட் என்ற கழிவு உப்பு வரும். ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் மொசைக்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்திதான். இந்த வெள்ளை மணல்மணலாகக் கெட்டியாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், அதனால் நான் அதைப் பார்த்துத்தான் துடைப்பேன். சாணி பரவாயில்லை, தின்பது புல் என்பதால் வைக்கோல் உருண்டைதான், நாற்றமில்லை. ஆனால் ஊர்வன வயிற்றில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால், அது தவழும் தரையும் ஆமை நடக்கும் தரையும் ஒன்றாக இருக்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

தரைதான் பெரிய விஷயம். பளபளவென்று டைல்ஸ் போட்ட தரையில் ஆமைக்குப் பிடிமானம் இருக்காது. கால் வழுக்கி வழுக்கி அகன்றுபோகும், அடி ஓடும் தேயும். எங்கள் பழைய மொசைக் கொஞ்சம் சொரசொரப்பு, அப்படியும் அது நடக்கும் தடம் முழுக்க மாட்டுத்தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட்டை வாங்கிப் போட்டிருக்கிறோம். கயிற்றுப் பாய் வேண்டாம், நாரைப் பிய்த்துத் தின்னும்.

உங்கள் மாடி ஃபிளாட்டில் பால்கனிக் கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. ஓட்டுக்கும் எலும்புக்கும் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு வெயிலில் இருக்கும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், கண்ணாடி அதைத் தடுத்துவிடும். சூடு மட்டும்தான் உள்ளே வரும். வெயிலே படாமல் வீட்டுக்குள் வளர்ந்த ஆமையை ஒரு டாக்டரிடம் பார்த்திருக்கிறேன். ஓடு அழுத்தினால் அமுங்கியது, பின்கால் ஊன்றவில்லை. அதன் சொந்தக்காரர் ஏஸி ரூமில் ராஜா மாதிரி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேர் வெயில் கிடைக்காத வீட்டில் யுவி-பி விளக்கு போட்டே ஆக வேண்டும். அதுவும் எரிகிறதே என்று வருஷக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. வெளிச்சம் இருக்கும், கதிர் குறைந்துவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும்.

இவ்வளவு சொல்கிறவள் ஏன் வீட்டுக்குள் விடுகிறாள் என்றால், டெல்லிக் குளிர். ஜனவரி ராத்திரி நாலு டிகிரி, ஐந்து டிகிரிக்குப் போகும். சல்காட்டா சஹாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து சூடான் வரை உள்ள வறண்ட பூமியைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் தூங்கிக் கழிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. குளிர்ந்தால் தின்றது வயிற்றிலேயே செரிக்காமல் கிடக்கும், மூக்கு ஒழுகும், நுரையீரலில் போய் நிற்கும். ஆகவே தீபாவளி முடிந்ததிலிருந்து ஹோலி வரை ராத்திரி உள்ளேதான். பையனின் அறையை அதற்கே கொடுத்துவிட்டோம். எண்ணெய் ஹீட்டர் ஒன்று, உயரத்தில், வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பு ஒன்று. கம்பி சிவக்கும் ஹீட்டரை மட்டும் தரையில் வைக்காதீர்கள், அதைத் தள்ளிக்கொண்டுபோய் மெத்தையில் சாத்திவிடும். பல்புக்கு நேர் கீழே முப்பத்தைந்து டிகிரி, அறையின் மறு மூலை அதைவிடக் குறைவு. எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். பகலில் வெயில் தெளிந்தால் இரண்டு பேர் தூக்கி முற்றத்தில் வைப்போம். என் கணவருக்கு இடுப்புப் பிடித்ததிலிருந்து பலகையில் ஏற்றிச் சரிவாக இறக்குகிறோம்.

மே மாதம் நாற்பத்தைந்து டிகிரியிலும் உள்ளே வரும், ஆனால் தானாகவே. சொந்த ஊரில் வெயில் கொடுமைக்குப் பல அடி ஆழம் வளை தோண்டி இறங்கிவிடும் ஜாதி இது. இங்கே முற்றத்தில் தோண்டியது, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில், குடிநீர்க் குழாய் வரைக்கும். அங்கே கல் போட்டு அடைத்ததிலிருந்து லூ என்ற அனல்காற்று வீசும் நாளெல்லாம் குளியலறைதான் அதற்கு வளை. நாங்கள் குளிக்கப் போவதற்கு முன் கதவைத் தட்டிவிட்டுப் போகிறோம்.

தீனிக்கு அருகம்புல், செம்பருத்தி இலை, மல்பெரி இலை, கிடைத்தால் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. டெல்லியில் மல்பெரி மரத்துக்குப் பஞ்சமில்லை. கால்சியத்துக்கு ஓரமாகக் கணவாய் மீனின் ஓடு ஒன்று போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். பழம், சாதம், சப்பாத்தி, பனீர் எதுவும் கூடாது. இதைச் சொன்னால் இந்த ஊரில் புரிய வைப்பது கஷ்டம். முதல் ரொட்டி பசுவுக்கு என்ற வழக்கம் உள்ள ஊர். பசு கிடைக்காத நாளில் மாடிவீட்டு ஆன்ட்டி நெய் தடவிய ரொட்டியோடு "கச்சுவா பாபாவுக்கு", அதாவது ஆமைச் சாமிக்கு, என்று வந்து நிற்பார். வாங்கி நான் தின்றுவிடுவேன். இன்னொருவர், இவ்வளவு கஷ்டப்படுவானேன், பக்கத்தில்தானே யமுனை, கொண்டுபோய் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்றார். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, கல்லைப் போட்டது போல அடியில் போய் நிற்கும். எத்தனை பேர் இந்தப் புண்ணியத்தைச் செய்திருக்கிறார்களோ!

தீனி என்றதும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் ஒரு காய்காரர் வருவார், பீகார்க்காரர். அவரிடம் முள்ளங்கி வாங்கினால் இலையைக் கிள்ளி எறியாமல் ஒரு கட்டாகக் கட்டி "இது அமுதுக்கு" என்று தனியாகக் கொடுப்பார். போன வருஷம் பாதுகாப்பு என்று சொல்லிச் சங்கம் கேட்டைப் பூட்டித் தள்ளுவண்டிகளை நிறுத்திவிட்டது. அதே கேட்டில் பத்து நிமிஷ டெலிவரிப் பையன்கள் நள்ளிரவு வரை பைக்கில் பறக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. வருஷக்கணக்காக முகம் தெரிந்த மனிதர் ஆபத்து, ஹெல்மெட் போட்டு முகம் தெரியாதவர் பாதுகாப்பு. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "ஆன்ட்டிஜி, நீங்கள் ஆமை வளர்ப்பவர், உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்தார்கள். ஆமைக்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்? இப்போது மெயின் ரோடு வரை நடந்துபோய் அவரிடமே வாங்கி வருகிறேன்.

காட்டு விலங்கை வீட்டில் அடைப்பது பாவம் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஏற்கெனவே இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் இங்கே கேள்வி. ஆப்பிரிக்க ஆமையை இந்தியக் காட்டில் விட முடியாது. மிருகக்காட்சி சாலைகளும் வா வா என்று கூப்பிடுவதில்லை. காகிதமும் சரியாக வைத்திருக்கிறோம். 2020ல் மத்திய அரசு வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாகவே தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்தபோது பையன் தெரிவித்துவிட்டான். 2022ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 2024ல் விதிகள் வந்ததும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் பதிவு செய்தாயிற்று. நீங்கள் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது நான் நினைப்பதற்கு மாறாக நட்சத்திர ஆமை என்றால் இந்தப் பதிலே உங்களுக்கு இல்லை. அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மூன்று முதல் ஏழு வருஷம் சிறை.

பழமொழிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம் "ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு உருப்படாது" என்பார். அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஆள். அமுது வந்த பிறகுதான் வாடகை வீட்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தோம். பையனுக்கு வேலையும் கிடைத்தது. அமீனா இதுவரை வரவில்லை, சொத்து வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம். இத்தனைக்கும் நாத்தனார் வீட்டு ஹாலில் வடக்கு மூலையில், வாஸ்துக்காரர் சொன்னார் என்று, தட்டில் தண்ணீர் ஊற்றிப் பித்தளை ஆமை வைத்திருக்கிறார். பித்தளை என்றால் லட்சுமி, உயிரோடு இருந்தால் மூதேவி! உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீகூர்மம் கோவிலைக் காட்டுங்கள். கோவில் வளாகத்திலேயே நட்சத்திர ஆமைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள்.

பெரியவர்கள் கவலைப்பட வேண்டியது வேறு. கொல்கத்தா அலிப்பூரில் இருந்த அத்வைதா என்ற அல்டாப்ரா ஆமை 2006ல் செத்தபோது அதற்கு 250 வயது இருக்கலாம் என்றார்கள். செயின்ட் ஹெலினா தீவு ஜொனாதன் 1832 வாக்கில் பிறந்தது என்று கணக்கு. சல்காட்டா அவ்வளவு போகாது என்றாலும் எழுபது, எண்பது வருஷம் தாராளமாக இருக்கும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. நொய்டாவில் இருக்கும் என் தங்கை பெண்ணிடம் பேசிவைத்திருக்கிறேன், அவளுக்குத் தனி வீடு, பின்பக்கம் மண் இருக்கிறது. அவள் "சரி பெரியம்மா, ஆனால் பீரோ என்னுடையது இல்லை, உன்னுடையதையே சேர்த்து அனுப்பு" என்கிறாள்.

உங்களுக்கு என் யோசனை: ஒரு அறையை ஒதுக்குங்கள், ரப்பர் மேட் போடுங்கள், தரையில் கிடக்கும் ஒயரையெல்லாம் தூக்குங்கள், தினமும் நேர் வெயிலில் வைக்க மொட்டை மாடியோ முற்றமோ ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாது என்றால் இடம் இருப்பவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இப்போது இருபது கிலோ, தூக்கிக்கொண்டு போக முடியும்.

கடைசியாக, குட்டி கிடைக்குமா என்று தனிச்செய்தியில் கேட்க வேண்டாம். அமுது ஆண், ஒண்டிக்கட்டை. அதற்கு ஜோடி தேடும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.