குழந்தையின் சிறுநீரகக் கட்டி: லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறப்பதா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, அதாவது குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய். நான்கு வாரக் கீமோ முடிந்துவிட்டது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். என் மாமனாருக்குப் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாக) எடுத்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு ஏன் இவ்வளவு பெரிய காயம்? வேறு மருத்துவமனைக்குப் போகலாமா?

பதில்: பித்தப்பையைச் சுருக்கிச் சிறு துளை வழியாக வெளியே இழுத்துவிடலாம். வில்ம்ஸ் கட்டியை உள்ளேயே துண்டுபோட்டு எடுக்கவே கூடாது. அதன் உறை கனிந்த தக்காளியின் தோலைப் போன்றது. அது கிழிந்து உள்ளிருப்பது வயிற்றில் சிந்திவிட்டால், முதல் நிலையில் இருந்த நோயும் மூன்றாம் நிலையாகிவிடும். பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சும் கூடுதல் மருந்தும் தேவைப்படும். வளரும் முதுகெலும்பில் கதிர்வீச்சு படுவதைத் தவிர்க்க முடிந்தால், தழும்பு பெரிதாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

லேப்ராஸ்கோப்பியிலும் கட்டியைப் பைக்குள் இட்டு, அடிவயிற்றில் தனியாக ஒரு வெட்டுப்போட்டு முழுசாகத்தான் எடுப்பார்கள். வலி குறையும், சீக்கிரம் சாப்பிடத் தொடங்கலாம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் கீமோவுக்குப் பின் கட்டி சிறியதாகி, சிறுநீரகத்தின் நடுவில் இருந்து, முதுகெலும்பின் அதே பக்க ஓரத்தைத் தாண்டாமல், இரத்தக்குழாய்க்குள் புகாமல் இருந்தால்தான் ஐரோப்பிய நெறிமுறை அதை அனுமதிக்கிறது. வட அமெரிக்காவில் இன்றும் திறந்த அறுவையே வழக்கம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். குறைந்தது ஏழு முடிச்சுகளை எடுக்க வேண்டும் என்கிறது அதே ஐரோப்பிய நெறிமுறை. அவற்றில் நோய் பரவியிருப்பது தெரியாமல் போனால் சிகிச்சையே குறைந்துவிடும். எந்த முறையானாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வேறொரு மருத்துவரின் கருத்தைத் தாராளமாகக் கேளுங்கள். குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்கும் இடமாகப் பாருங்கள். கீமோவுக்குப் பின் எடுத்த சி.டி. ஸ்கேனின் அறிக்கை மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். கட்டி எங்கே இருக்கிறது, இரத்தக்குழாய்க்குள் புகாமல் இருக்கிறதா, எத்தனை முடிச்சுகள் எடுப்பீர்கள், இந்த அறுவையை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழித்து, தழும்பு தெரியாது என்று மட்டும் சொல்பவரிடம் குழந்தையை ஒப்படைக்காதீர்கள். ஆனால் இந்த வாரமே போய்வாருங்கள். கீமோ முடிந்தபின் அறுவையின் தேதி தள்ளிப்போகக் கூடாது.