அமெரிக்காவின் யூட்டாவில் வயதான பெற்றோருடன் நடக்க எளிதான கேன்யன் (பாறைப் பள்ளத்தாக்கு) எது?

கேட்டிருப்பது இதுதான்: அக்டோபரில் லாஸ் வேகஸிலிருந்து சீயான், பிரைஸ் தேசியப் பூங்காக்களைப் பார்க்கப் போகிறோம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா (இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள்), ஏழு வயதுப் பையன் எல்லாரும் உடன் வருகிறார்கள், மணற்கல் பாறைச் சுவர்களுக்கு நடுவே சிரமமில்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்க ஒரு இடம் சொல்லுங்கள்.

என் பதில் கேப்பிடல் கார்ஜ். கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பிரைஸிலிருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக இரண்டரை மணி நேரம் ஆகும், அந்தச் சாலையே பார்க்க வேண்டிய ஒன்று, ஆனால் நடுவில் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் ஏறி இறங்குவதால் அம்மாவுக்கு வண்டியில் தலைசுற்றல் வருமென்றால் முன்சீட்டில் உட்கார வையுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், படங்களில் பார்த்து எல்லாரும் ஆசைப்படும் இடங்கள் உங்கள் குடும்பத்துக்கு ஒத்து வராது. சீயானில் நாரோஸ் என்ற குறுகலான பாறை இடுக்கில் ஆற்றுத் தண்ணீருக்குள்ளேயே வழுக்கும் உருண்டைக் கற்கள் மேல் நடக்க வேண்டும். ஆன்டலோப் கேன்யன் நவஹோ பழங்குடி மக்களின் நிலம், அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, கீழ் ஆன்டலோப்பில் செங்குத்தான இரும்புப் படிகள் வேறு. மூட்டுவலி உள்ளவர்களை அங்கே கூட்டத்தோடு ஏற்றி இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேப்பிடல் கார்ஜில் அந்தக் கவலை எதுவும் இல்லை. வறண்ட ஓடையின் தரையிலேயே நடக்கிறோம், மணலும் பொடிக்கல்லும், கிட்டத்தட்ட சமதளம். போக ஒரு மைல், வர ஒரு மைல். யாருக்காவது முடியவில்லையென்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம்.

இந்த ஒரு மைலுக்குள் இருப்பவை கொஞ்சமல்ல. கால் மைல் போவதற்குள் இடப்பக்கச் சுவரில் ஃப்ரீமான்ட் மக்கள் செதுக்கிய உருவங்கள் வரும், ஏறத்தாழ எழுநூறு வருடம் முன்புவரை இந்தப் பகுதியில் வாழ்ந்து பயிர் செய்த பழங்குடிகள் அவர்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் மேலேயே கீறிச் சிதைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் 1871இல் தங்கம் வெள்ளி தேடி வந்த இருவரின் பெயர்களில் தொடங்கி, பின்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்த மார்மன் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குடியேறிகள் வரை பாறையில் வரிசையாகப் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் இந்த ஓடைதான் அப்போது சாலை. 1880களில் பாறைகளை ஒதுக்கி வண்டிப் பாதை போட்டார்கள், 1962இல் 24ஆம் எண் நெடுஞ்சாலை வரும்வரை கார்களும் இதே மணலில்தான் ஓடின. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வழியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பையனிடம் இதைச் சொல்லிக்கொண்டே நடங்கள், ஒரு மைல் போனதே தெரியாது. (இன்று யாராவது அங்கே பெயர் செதுக்கினால் அது குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

சுவர்களை நின்று பாருங்கள். சாய்வாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிடும் கோடுகள் தெரியும். ஜுராசிக் காலத்தில் இங்கே பரந்து கிடந்த மணல்மேடுகளைக் காற்று அடுக்கிய தடம் அது, அந்த மணல்தான் இறுகி நவஹோ மணற்கல் ஆனது.

கடைசியில் இடப்பக்கம் மேலே ஏறினால் பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும் சுனைகள் உண்டு. அந்தக் கடைசிப் பகுதி மட்டும் ஏற்றம், பாதையும் தெளிவாக இருக்காது, அடுக்கி வைத்த கற்களைப் பார்த்துப் போக வேண்டும். அப்பா அம்மாவைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் பையனும் போய் வாருங்கள். தண்ணீரில் கை விட வேண்டாம். கையில் பூசிய சன்ஸ்கிரீன் அந்தச் சின்னக் குழியில் வளரும் உயிர்களுக்குக் கெடுதல்.

சரி, திட்டத்துக்கு வருவோம். இங்கே நான் உண்மையிலேயே கவலைப்படுவது கால்களைப் பற்றி அல்ல, வானத்தைப் பற்றி. பாதை எளிது என்று போட்டிருப்பது மேடுபள்ளத்தை வைத்து மட்டும்தான். சுற்றிலும் மொட்டைப் பாறை, தண்ணீரைக் குடிக்க மண் கிடையாது, எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு இந்தக் குறுகலான வழியாகத்தான் வெளியேற வேண்டும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கார் நிறுத்துமிடமும் அதற்குப் போகும் மண்சாலையும்கூட அதே ஓடைக்குள்தான். 2022 ஜூனில் அப்படி வெள்ளம் வந்து பார்வையாளர்கள் உள்ளே சிக்கினார்கள், கார்களும் சேதமாயின. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் ஆபத்து அதிகம், அக்டோபரில் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்க வானிலைச் சேவை இந்தப் பூங்காக்களுக்கென்று தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளில் வெளியிடுகிறது: எதிர்பார்க்கவில்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கிறோம். முதல் நிலை என்றால் தயங்காமல் போங்கள். இரண்டாவது என்றால் பார்வையாளர் மையத்தில் ரேஞ்சரிடம் (பூங்காக் காவலர்) கேட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். அதற்கு மேல் என்றால் பெரியவர்களையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு போகவே வேண்டாம். காலையில் ஹோட்டலில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், பூங்காவுக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது.

கோடையாக இருந்தால் விடிந்ததும் நடக்கச் சொல்லியிருப்பேன். அக்டோபர் காலையில் அந்த இடுக்குக்குள் நல்ல குளிர், ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தாங்காது. பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் போதும், ஆனாலும் ஜாக்கெட் வேண்டும். பூங்காவின் பார்வையாளர் மையமே ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது, காற்று வறண்டது, வேர்ப்பதே தெரியாமல் உடம்பில் நீர் குறையும். ஆளுக்கு ஒரு லிட்டராவது பார்வையாளர் மையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், தாகம் இல்லை என்று அப்பா சொன்னாலும் குடிக்க வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செருப்பு வேண்டாம், சாதாரண ஷூ போதும்.

சாப்பாட்டுக்கு டோரி என்ற சின்ன ஊர்தான் பக்கம், சைவத்துக்கு அதிகம் கிடைக்காது, அதனால் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. நடை முடிந்து ஃப்ரூட்டா பழத்தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், மார்மன்கள் நட்டு வளர்த்த தோட்டங்களைப் பூங்கா இன்றும் பராமரிக்கிறது, அக்டோபர் தொடக்கத்தில் போனால் ஆப்பிள் இருக்கும்.

ஒருவேளை வானிலை சரியில்லை என்றால், 24ஆம் எண் நெடுஞ்சாலையோரமாக மரப்பலகைப் பாதை போட்டு ஃப்ரீமான்ட் செதுக்கல்களைப் பார்க்க வைத்திருக்கிறார்கள், கேப்பிடல் கார்ஜில் இருப்பதைவிட அவை தெளிவு. சக்கர நாற்காலியில்கூட போகலாம். மழை லேசாக இருந்தால் அதையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை கார்ஜுக்குப் போகும்படி டோரியில் இரண்டு இரவு அறை போட்டு வையுங்கள்.