கதவைத் திறந்தது 14-ம் எண், விரல் யாருடையது?

கேள்வி: திருச்சியில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். விலை உயர்ந்த ஊசி மருந்துகள் வைக்கும் குளிர் அறைக்குக் கைரேகைப் பூட்டு. போன மாதம் ஸ்டாக் எடுத்தபோது 4.60 லட்சம் ரூபாய் சரக்கு குறைந்தது. ஒரு ஞாயிறு இரவு 9.42-க்கு என் எண்ணில் (14) கதவு திறந்ததாக மெஷினில் பதிவாகியிருக்கிறதாம். நான் அப்போது வீட்டில் இருந்தேன். சஸ்பெண்ட் செய்து மெமோ கொடுத்திருக்கிறார்கள். 7 நாளில் பதில் கேட்கிறார்கள். பணத்தைக் கட்டி, மன்னிப்புக் கடிதமும் ராஜினாமாவும் கொடுத்தால் போலீஸுக்குப் போக மாட்டோம் என்கிறார் மேலாளர். இத்தனை வருட உழைப்புக்கு இதுதான் மரியாதையா? என் ரேகையைச் சம்மதம் வாங்காமல் எடுத்ததே தவறில்லையா? சான்றிதழ் இல்லாத கம்ப்யூட்டர் பதிவு செல்லாது என்கிறார் என் மைத்துனர். ஆடியில் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது, மேலாளர் சொல்லித்தான் டிரைவர் தம்பியின் விரலையும் என் எண்ணில் சேர்த்தோம். அப்புறம் அதை யாரும் நீக்கவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது கடைசி இரண்டு வரிதான். அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

மரியாதை பற்றிய கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. சம்மத விஷயமும் உங்களைக் காப்பாற்றாது. கைரேகை அந்தரங்கத் தகவல்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ம் ஆண்டு விதிகளே எழுத்துப்பூர்வ சம்மதம் கேட்கின்றன. அது வாங்கப்படவில்லை என்பதற்காக மெமோ ரத்தாகிவிடாது. தவிர, நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்க ஊழியரின் தகவலைப் பயன்படுத்த 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பிரிவு இருக்கிறது. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது பாதி உண்மை. நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக்க, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதைக் கேட்கும் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுதான் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு. ஆனால் உங்களுக்கு முதலில் நடக்கப்போவது அலுவலக உள்விசாரணை. அங்கே சாட்சியச் சட்டத்தின் கறார் கிடையாது. 'இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று விசாரணை அதிகாரிக்குத் தோன்றினால் போதும். சான்றிதழ் இல்லை என்ற தைரியத்தில் ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாமல் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் ஒருவர், வேலைநீக்க உத்தரவோடு என்னிடம் வந்தார். அதன்பின் நான் செய்ய அதிகம் இருக்கவில்லை.

சரி, அந்த இரண்டு வரிக்கு வருவோம். 14 என்ற எண்ணில் பதிந்த ஏதோ ஒரு விரல் அந்த நேரத்தில் பட்டது என்பதற்கு மேல் மெஷின் எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரி மெஷின்களில் ஒரே எண்ணில் பல விரல்களைப் பதிய முடியும். அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் புதிய விரலைச் சேர்க்கலாம், பழையதை நீக்கலாம், பல மாடல்களில் நேரத்தையும் மாற்றலாம். ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்விதான்: 14-ல் யார் யார் விரல் இருக்கிறது, அதைச் சேர்த்தது யார்? பாஸ்வேர்டு உங்களிடம் இல்லையென்றால் சேர்த்தவர் மேலாளர். அவர் ஏன் அவசரமாக மன்னிப்புக் கடிதம் கேட்கிறார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இதே உண்மை உங்களையும் வெட்டும். 'என் எண்ணில் இன்னொருவர் விரலைச் சேர்க்க ஒப்புக்கொண்டேன்' என்று எழுதினால், திருட்டு போய் அலட்சியம் என்று கூடுதல் மெமோ வரும். அந்தப் பயத்தில் பலர் முதல் பதிலில் இதை மறைத்துவிட்டு, விசாரணை முற்றிய பிறகு எடுத்து விடுகிறார்கள். 'இப்போது ஜோடித்த கதை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். முதல் பதிலிலேயே சொல்லுங்கள். 'இன்ன தேதியில், மேலாளர் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு, இன்னாரின் விரலை 14-ல் பதிந்தார்' என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'மன்னிக்கவும்', 'தெரியாமல் செய்துவிட்டேன்' எதுவும் வேண்டாம். அலட்சியத்துக்கான தண்டனையைக் குறைக்க வாதாடலாம். திருட்டு நிரூபணமானால் வாதாட ஒன்றுமில்லை.

மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். 'கடன் போலக் கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக்கொடுத்துப் பணமும் கட்டியவர்கள் மீது, அந்தக் கடிதத்தையே இணைத்துப் புகார் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்சூரன்ஸ் கேட்க வேண்டுமென்றால் நிறுவனத்துக்குப் போலீஸ் புகார் தேவைப்படும். மேலாளரின் வாய்வார்த்தை அப்போது எங்கே நிற்கும்? ஊழியர் முதலாளியின் பொருளைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 306-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை.

இனி, பிடிக்காத யோசனை. நீங்கள் சமரசத்துக்குப் போவது நல்லது. கூடுதலாக அலட்சிய மெமோ வந்தால் அந்த அறையின் பொறுப்பு உங்களுக்குத் திரும்பாது. வழக்கில் ஜெயிக்க வருடங்கள் ஆகும்; சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குக் கிடைப்பது பாதிச் சம்பளம். இன்னொரு பக்கம், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11 வருடத்துக்குக் கிராஜுவிட்டி 1,65,000. திருட்டுக்காக வேலைநீக்கம் என்றால் அது பறிபோகலாம். அதற்குக் குற்றவியல் தண்டனைகூடத் தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டியைப் பறிக்கும் அந்தப் பிரிவு வராது. பி.எஃப். பணத்தில் அவர்கள் கை வைக்க முடியாது.

அதற்காக இன்றே ராஜினாமா கொடுக்காதீர்கள். மேலே சொன்ன பதிலைக் கொடுத்து, மெஷினின் மூலப்பதிவையும் அட்மின் பதிவையும் கேட்ட பிறகுதான் உங்களுக்குப் பேரம் பேச ஏதாவது கையில் இருக்கும். ராஜினாமாவுக்குப் பதிலாக நீங்கள் கேட்க வேண்டியவை: மெமோ வாபஸ், கிராஜுவிட்டி, அனுபவச் சான்று, பணம் கட்டுவதில்லை. 'போலீஸுக்குப் போக மாட்டோம்' என்ற வரிக்குச் சண்டை போடாதீர்கள், எழுதி வாங்கினாலும் செல்லாது. 'இந்தச் சரக்குக் குறைவு குறித்து இவரிடம் எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று வாங்குங்கள்.

டிரைவர் தம்பிக்குப் போன் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பும் வேண்டாம். அந்த ஞாயிறு இரவின் கேமரா பதிவு அழிந்துகொண்டிருக்கும், பெரும்பாலான டி.வி.ஆர்.களில் சில வாரங்களே நிற்கும். அதையும் மெஷின் பதிவையும் பாதுகாக்கச் சொல்லி, மெமோவுக்குப் பதில் தருவதற்கு முன்பே, நாளைக்கே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். நகலை மின்னஞ்சலில் தலைமை அலுவலகத்துக்கும் போடுங்கள், மேலாளருக்கு மட்டும் அல்ல.