ஒரு காது மட்டும் கேட்காத பெரியவர்களுக்கு என்னென்ன சிகிச்சைகள் உள்ளன?

காது ஓரிரு நாளில் திடீரென மந்தமாகியிருந்தால் அது அவசரநிலை. ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், ‘சளியாக இருக்கும்’ என்று காத்திருக்கக் கூடாது. அழுக்கு அடைப்பு, செவிப்பறை ஓட்டை போன்றவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஓரளவு கேட்கும் காதுக்குச் சாதாரணக் காதுக்கருவி உதவும். அறவே கேட்காத காதுக்கு அது பயன்படாது. அந்தப் பக்கத்து ஒலியை மைக் வழியாக நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவியோ, மண்டை எலும்பின் அதிர்வாகக் கடத்தும் கருவியோ தேவைப்படும். கேளாத பக்கம் அமர்ந்தவர் பேசுவது இவற்றால் கேட்கும். ஆனால் உண்மையில் கேட்பது ஒரே காதுதான் என்பதால், ஹாரன் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பிடிபடாது. திசையறியும் திறனை ஓரளவு மீட்டுத் தரக்கூடியது, அறுவை சிகிச்சை மூலம் உட்காதில் பொருத்தப்பட்டு செவிநரம்பை மின்தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி மட்டுமே. அதற்குச் செவிநரம்பு செயல்படும் நிலையில் இருக்க வேண்டும், மாதக்கணக்கில் பயிற்சியும் தேவை. கிராஸ் கருவியைச் சில வாரங்கள் அணிந்து பார்த்த பிறகு அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.