மூலிகையில் மலேரியா மருந்து தேட ஆசை: பி.ஃபார்ம் நல்லதா, பி.எஸ்சி நல்லதா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். மகள் ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவு முடித்திருக்கிறாள். நீட் எழுதவில்லை. மலை மூலிகையிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்கிறாள். எதைப் படிக்க வைப்பது? பிழைப்புக்கு ஆகுமா? நோய்க்கிருமியோடு வேலை என்பதும் பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, அந்த ஆய்வகத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று முதலில் மகளுக்குத் தெரியட்டும். படிப்பைத் தேர்வு செய்வது அதன் பிறகு சுலபம்.

முதல் வேலை செடியை உறுதி செய்வது. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து, ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) கொடுத்துப் பதிவு எண் வாங்க வேண்டும். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் கோவையில் இருக்கிறது. காப்புக்காட்டில் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அடுத்து உலர்த்துவது. ஏற்காட்டு மழைக்காலத்தில் நிழலில் போட்டால் இலை காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். பிறகு மலேரியா ஒட்டுண்ணியைக் கொன்றது இலையா, பூசணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 40 டிகிரியில் ஓவனில் உலர்த்துவார்கள்.

பொடித்த இலை 50 கிராமை 500 மில்லி மெத்தனாலில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரிக்கு மிகாமல் வற்ற வைப்பது வழக்கம். சூடு ஏறினால் சில மருந்துப்பொருள்கள் கெட்டுவிடும். சீனாவில் டூ யூயூ குழு 1971-இல் ஈதரைக் கொண்டு குறைந்த சூட்டில் சாறெடுத்த பிறகுதான் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் தரும் செடியின் வீரியம் சோதனையில் நிலையாகத் தெரிந்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுண்டக் காய்ச்சினால்தான் மருந்து என்ற நம் பழக்கம் இங்கே எல்லாச் செடிக்கும் செல்லாது.

அப்புறம்தான் கிருமி. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியை மனிதச் சிவப்பணுக்களில், 37 டிகிரியில், ஆக்சிஜன் குறைந்த காற்றில் வளர்ப்பார்கள். அது வளரும் சத்துக் கரைசலை அநேகமாக தினமும் மாற்ற வேண்டும். பொங்கலா தீபாவளியா என்று ஒட்டுண்ணி பார்க்காது. 96 குழித் தட்டில் சாற்றை மில்லிக்கு 100 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து விட்டு, 72 மணி நேரம் கழித்துக் கணக்கெடுப்பார்கள். சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. அரை சதவீதத்தைத் தாண்டினால் அதுவே ஒட்டுண்ணியைப் பாதிக்கும். வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு (ஐ.சி.50) மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் நல்ல சாறு. 50-ஐத் தாண்டினால் அடுத்த செடிக்குப் போகலாம். பெரும்பாலானவை தாண்டத்தான் செய்யும்.

மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பூந்திக்கொட்டை, சீயக்காய் மாதிரி நுரைக்கும் செடிகளில் சபோனின் இருக்கும். அது சிவப்பணுவையே உடைக்கும், உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியும் செத்துப்போகும், ஐ.சி.50 பிரமாதமாக வரும். மருந்தா என்றால் இல்லை. அதே சாற்றைத் தொற்றில்லாத சிவப்பணுவிலும், தனியாக மனித உயிரணுக்களிலும் விட்டுப் பார்த்து, ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் மனித உயிரணுவைக் கொல்லும் அளவுக்கும் பத்து மடங்காவது இடைவெளி இருந்தால்தான் நம்பலாம். அதன் பிறகே எலி, அதுவும் நெறிமுறைக் குழு அனுமதியோடு. நிலவேம்புக் குடிநீரை மலேரியா மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மகளுக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடட்டும்.

இனி படிப்பு. சாறெடுப்பதும் எலிச் சோதனையும் பிடித்தால் பி.ஃபார்ம். நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். இந்திய மருந்தியல் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சேருங்கள். பிறகு ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கிருமி வளர்ப்புதான் பிடித்தது என்றால் உயிர்வேதியியல் அல்லது நுண்ணுயிரியலில் பி.எஸ்சி, எம்.எஸ்சி, பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும். ஆனால் எம்.எஸ்சி வரை செலவு உங்களுடையது.

உங்கள் குடும்பத்துக்கு பி.ஃபார்ம் என்போம். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, மருந்துக்கடை உரிமம், மருந்து ஆய்வாளர் தேர்வு என்று வழி இருக்கிறது. பி.எஸ்சியோடு நிற்பவருக்கு அவ்வளவு வழியில்லை. ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: மலேரியா ஆய்வுக்குப் பேர் போன நிறுவனங்கள் லக்னோவிலும் டெல்லியிலும் இருக்கின்றன. பிஎச்.டி. என்றால் நாலைந்து வருடம் வெளியூர்தான்.

பயத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் வளர்வது ரத்தநிலை ஒட்டுண்ணி. காற்றில் பரவாது, தொட்டாலும் ஒட்டாது. ஊசி குத்தினாலோ, கண்ணாடி கிழித்தாலோ ரத்தத்தில் கலந்தால்தான் தொற்றும், அதற்கும் மாத்திரை உண்டு. தானம் பெற்ற ரத்தத்தைக் கையாள்வதால் ஹெபடைடிஸ் பி-க்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். போடாமல் இருந்தால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. கல்லூரி திறப்பதற்குள் முதல் ஊசியைப் போட்டுவிடலாம்.