ஒன்பது மதிப்பெண்ணும் ஒரு எட்ஜும்

கேள்வி: டிஆர்எஸ்ஸில் (அம்பயரின் முடிவைத் திரையில் மறுபரிசீலனை செய்யும் முறை) எத்தனை முடிவுகள் மாறின என்று எண்ணினாலே ஒரு அம்பயரின் தரம் தெரிந்துவிடுமே, தனியாக மதிப்பீடு எதற்கு?

உங்கள் அணிக்கு அண்மையில் ஒரு எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்ததற்கான அவுட்) கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சூட்டில்தான் இந்தக் கேள்வி வரும், தப்பில்லை. நான் பதினோரு வருடமாக லீக் மேட்ச்களில் அம்பயராக நிற்கிறவன். டிவியில் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஆட்டங்களில் டிஆர்எஸ்ஸும் கிடையாது, மூன்றாவது அம்பயரும் கிடையாது. "அப்புறம் உனக்கென்ன தெரியும்" என்று கிளம்பப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு வாரமும் மதிப்பெண் வாங்குகிறவன் நான். வாங்குகிறவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

முதலில் உங்கள் கணக்கு. 2019 ஹெடிங்லி டெஸ்ட்டின் கடைசி நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நாதன் லயன் போட்ட பந்து இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. அம்பயர் ஜோயல் வில்சன் நாட் அவுட் என்றார். பந்து ஸ்டம்பில் படும் என்று பிறகு திரையில் காட்டினார்கள். ஆனால் ஆஸ்திரேலியா முந்தைய ஓவரிலேயே கடைசி ரிவ்யூவைத் தீர்த்துவிட்டிருந்தது. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. மாறிய முடிவுகளை மட்டும் எண்ணினால் அந்தத் தவறு கணக்கிலேயே வராது. எதை ரிவ்யூ கேட்பது என்று முடிவு செய்வது ஆட்டக்காரர்கள். ஒருவருடைய தரத்தை இன்னொருவருடைய அவசரத்தை வைத்து எப்படி அளப்பது?

மேலே இருப்பவர்களுக்காவது ஏற்பாடு இருக்கிறது. மேட்ச் ரெஃப்ரியின் அறிக்கை, வீடியோ, பயிற்சியாளர் எல்லாம் உண்டு. 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐசிசியின் சிறந்த நடுவர் விருது வாங்கிய சைமன் டாஃபல், 2012-ல் ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பயிற்சி வேலைக்குத்தான் போனார். எங்கள் மட்டத்தில் இருப்பது கேப்டன் ரிப்போர்ட் ஒன்றுதான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் பத்துக்கு இத்தனை என்று எழுதிக் கொடுப்பார்கள். வியர்வைகூடக் காய்ந்திருக்காது.

இப்போது என் கதை. ஒரு அரையிறுதி. பேட் செய்தவர் இடது கைக்காரர், பௌலர் வலது கைக்காரர், பந்து போடும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி ஓவர் த விக்கெட். பந்து லெக் ஸ்டம்புக்கு (பேட்ஸ்மேனின் கால் பக்க ஸ்டம்ப்) நாலு விரல் வெளியே குத்தி, உள்ளே திரும்பி, முட்டிக்குக் கீழே பட்டது. ஒன்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தப் பந்து நேரே போயிருந்தால் நடு ஸ்டம்பைப் பெயர்த்திருக்கும். ஆனால் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் எங்கே பட்டாலும் எல்பிடபிள்யூ கிடையாது, 36-வது விதி. நாட் அவுட் என்றேன். அவர் கடைசி வரை நின்று ஆட்டத்தை முடித்துவிட்டார். தோற்ற கேப்டன் எனக்குப் போட்டது மூன்று. "முக்கியமான நேரத்தில் முடிவெடுக்கத் தெரியவில்லை" என்று குறிப்பு வேறு. அவர் அணிப் பையன் ஒருவன் நேர் பின்னாலிருந்து எடுத்த மொபைல் வீடியோவில் பந்து வெளியே குத்தியது தெளிவாகத் தெரிந்தது. மதிப்பெண் மூன்றிலேயே நின்றது.

இதுகூடப் பரவாயில்லை. என்னை உறுத்தியது இன்னொரு மாதம் வாங்கிய ஒன்பது. அந்த ஆட்டத்தில், பந்து மட்டையின் விளிம்பில் உரசி கீப்பர் கைக்குப் போன மெல்லிய எட்ஜ் ஒன்றை விட்டுவிட்டேன். பௌலர் மட்டும்தான் உறுதியாகக் கேட்டார், கீப்பர் அரை மனதாகக் கையைத் தூக்கினார். நாட் அவுட். இரண்டு பந்து கழித்து அதே பேட்ஸ்மேன் போல்டு, அதனால் எல்லாருக்கும் மறந்துபோனது. ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது, "சார், அது எட்ஜ்தான்" என்று அவனே சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு கேப்டன்களும் ஒன்பது ஒன்பது. சரியான முடிவுக்கு மூன்று, தவறவிட்ட நாளில் ஒன்பது. மூன்று வாங்கிய வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற ஒரு மூத்த அம்பயரிடம் போய், என் ஆட்டத்தை வந்து பார்க்கச் சொன்னேன். முடிவு சரியா தப்பா என்று அவர் பேசவே இல்லை. "பந்து கையை விட்டுப் போகும்போது உங்க கண்ணு எங்கே இருந்துச்சு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நான் ஸ்டம்புக்கு மிக அருகில் நிற்கிறேன். பௌலரின் முன்கால் கிரீஸ் கோட்டைத் தாண்டுகிறதா என்று நோ பால் பார்க்கத் தலையைக் குனிகிறேன். கால் பதிந்ததைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள் பந்து பாதி தூரம் போய்விடுகிறது. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடிதான். எங்கள் பையன்கள் அவ்வளவு வேகமில்லை. அதற்காக நேரம் கொட்டிக் கிடக்கிறது என்றும் இல்லை. பெரிய ஆட்டங்களில் 2020-லிருந்து முன்கால் நோ பாலை டிவி அம்பயர் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு எட்டு பின்னால் போகச் சொன்னார் அவர். போனேன். கிரீஸும் எதிர் ஸ்டம்பும் கிட்டத்தட்ட ஒரே பார்வைக்குள் வந்துவிட்டன. இப்போது தலை அசைவதில்லை, கண் மட்டும் நகர்கிறது. எட்ஜ் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும் என்பது உண்மை. அதற்குக் காதைப் பழக்க ஒரு சீசன் ஆனது.

கூடவே ஒரு நோட்டும் போட்டேன். ஒவ்வொரு அப்பீலுக்கும் பந்து எங்கே குத்தியது, எங்கே பட்டது, எங்கே போயிருக்கும், முடிவு சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிச்சயம் என்று அன்று மாலையே எழுதிவிடுவேன். வீடியோ கிடைத்தால் ஒப்பிடுவேன். என் தவறுகளில் பாதிக்கு மேல் டிரிங்க்ஸ் முடிந்த முதல் இரண்டு ஓவர்களில் வந்திருந்தன. இதை எந்தக் கேப்டனும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. இப்போது இடைவேளையில் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தொப்பி, கண்ணாடி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டுவதை யார் ஆரம்பித்து வைத்தார்கள்? இடுப்பில் இரண்டு ஸ்வெட்டர், தலையில் மூன்று தொப்பி என்று துணி காயப்போடும் கொடி மாதிரி நின்றுகொண்டு ஓவரை எண்ண வேண்டும். 2020-ல் கொரோனாவுக்காக, ஆட்டக்காரர்கள் தங்கள் பொருளை அம்பயரிடம் தரக் கூடாது என்று ஐசிசி சொன்னபோது நிம்மதியாக இருந்தது. தொற்று போனதும் தொப்பிகள் திரும்பி வந்துவிட்டன.

போன வாரம் ஒரு ரிப்போர்ட் வந்தது. ஆறு மதிப்பெண். அந்த ஆட்டத்தில் பதினான்கு அப்பீல். வீடியோவோடு ஒப்பிட்டதில் ஒன்றுகூடத் தவறில்லை. குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: "அம்பயர் ஸ்டம்பை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கிறார்."