மழைக்கு முன் போட வேண்டிய கணக்கு: சாலைப் பணியிடத்துக் கலங்கல் நீர் பற்றிக் கேள்வி பதில்

சாலைப் பணிகளில் மண் வேலையையும் வடிகாலையும் 22 ஆண்டுகள் பார்த்தவன் நான். மழை பெய்யும்போது பணியிடத்து மண்ணும் சிமென்டும் எண்ணெயும் பக்கத்து ஓடைக்குப் போகாமல் இருக்க, வேலை தொடங்கும் முன்பே ஒரு திட்டம் போட வேண்டும். அதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? பழைய சாலை ஒன்றின் திட்டத்தைக் கொடுத்துப் பெயரை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். (புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்)

பெயரை மாற்றிக் கொடுத்தால் கோப்பு நிறையும், மண் நிற்காது தம்பி. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அந்த இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மழை இல்லாத காலமென்றால் செத்தை ஒதுங்கிக் கிடக்கும் இடம், புல் ஒரே பக்கமாய்ச் சாய்ந்த இடம், விரல் அகலத்தில் மண் அரித்த கோடு ஆகியவற்றைத் தேடுங்கள். தண்ணீர் போன வழியை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு வரைபடத்தில் மூன்றைக் குறியுங்கள்: நீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெட்டிய மண்ணைத் தொடுகிறது, எங்கே வெளியேறுகிறது. வெளியேறும் வாய் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கட்டட மனைக்கு ஒன்றிரண்டு வாய்தான் இருக்கும். சாலை அப்படியல்ல, வழியிலுள்ள ஒவ்வொரு சிறுபாலமும் ஒரு வாய்.

முதல் வேலை, மேட்டிலிருந்து வரும் நல்ல நீரை உள்ளே விடாமல் திருப்பிவிடுவது. 1 ஹெக்டேர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது இரண்டரை லட்சம் லிட்டர். அதில் பாதி வழிந்து வந்தாலும் உங்கள் மண்ணில் புரண்டு கலங்கிவிடும். மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வரப்பும் வாய்க்காலும் வெட்டியிருந்தால் அது தெளிவாகவே சுற்றிக்கொண்டு போயிருக்கும். சேறான நீரைத் தெளியவைப்பதைவிடத் தெளிந்த நீரைச் சேறாக்காமல் இருப்பது எவ்வளவோ எளிது. ஆனால் எனக்குக் காட்டப்படும் திட்டங்களில் பாதியில் இந்த வாய்க்கால் இருப்பதே இல்லை.

மண் வெட்டும் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டால் இயந்திர வாடகை குறையும். துண்டு துண்டாகச் செய்யச் சொல்வது ஏன்? (ஒப்பந்ததாரர்)

வாடகை குறையும் என்பது உண்மை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அது ஒரு சின்ன வெடி. மண்கட்டி உடைந்து பொடியாகிறது. பொடி மேல்துளைகளை அடைக்கிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. மண்ணின் மேல் வைக்கோலோ புல்லோ இருந்தால் அடி அதன்மேல் விழுந்து அடங்கிவிடும். அதனால் எத்தனை நீளம், எத்தனை நாள் திறந்து கிடக்கிறது என்பதுதான் திட்டத்தின் உயிர்.

பத்து கிலோமீட்டரையும் திறந்து போட்டுவிட்டு ஜல்லி வரும் என்று காத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்குப் பிறகு சரிவு முழுக்க அரிப்புக் கோடுகள். அதே இயந்திரத்தைத் திரும்ப வரவழைத்து, அதே சரிவை இரண்டாம் முறை சீர்செய்தார்கள். மிச்சப்படுத்திய வாடகை அங்கேயே போனது.

ஒரு நீளத்தைத் திறந்தால் அதை முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். சாலைக்கான மண்கரையை உயர்த்தும்போதும் அப்படித்தான். உச்சிவரை ஏற்றிவிட்டு மொத்தமாகப் புல் விதைக்கலாம் என்று காத்திருக்காமல், கீழே முடிந்த பகுதிக்கு அன்றைக்கே மூடாக்கு போடுங்கள். 14 நாளோ அதற்கு மேலோ வேலை நடக்காத இடத்தை உடனே மூடத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டுமான அனுமதி விதி சொல்கிறது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் நல்ல அளவுகோல்.

செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. சரிவில் புல்டோசரை மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லுங்கள். சங்கிலித் தடத்தின் பற்கள் சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்னப் படிகளாகப் பதியும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நீரும் விதையும் தங்கும். பக்கவாட்டில் ஓட்டினால் அதே பற்கள் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு, நீர் ஓட வழி அமைத்துக் கொடுத்துவிடும்.

மண் தடுப்புத் துணி வேலி போட்டோம். முதல் மழையிலேயே சாய்ந்துவிட்டது. துணி தரமில்லையா? (பணி மேற்பார்வையாளர்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். துணியில் குறையில்லை. ஓடைக்குக் குறுக்கே கட்டியிருக்கிறீர்கள்.

அந்த வேலி ஓடும் நீரைத் தடுக்கச் செய்ததல்ல. சரிவில் விரிந்து மெல்ல வழிந்து வரும் நீரைச் சற்றே தேக்கி, மண்ணைப் படியவைப்பதுதான் அதன் வேலை. நீர் ஒரு வாய்க்காலில் சேர்ந்துவிட்டால் அங்கே கல்லால் சிறு தடுப்பணைகள் வேண்டும். கீழ் அணையின் உச்சியும் மேல் அணையின் அடியும் ஒரே மட்டத்தில் வரும்படி அவற்றை அமைக்க வேண்டும்.

வேலி போடும் இடத்திலும் கவனிக்க நிறைய இருக்கிறது. அடித்துணியை 15 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறக்கி, மண் மூடி, மிதித்து இறுக்க வேண்டும். தரையோடு தொங்கவிட்டால் நீர் அடியில் புகுந்து போய்விடும். கம்புகள் சரிவின் கீழ்ப் பக்கம் இருக்க வேண்டும். நீர் தள்ளும்போது துணி கம்பில் சாய்ந்து நிற்கும். வேலி ஒரே மட்டத்தில் போக வேண்டும். இரண்டு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் வேலியோரமாகவே ஓடி முனையைச் சுற்றிப் போய்விடும். 30 மீட்டர் வேலிக்கு மேலே சுமார் 1,000 சதுர மீட்டருக்கு அதிகமான நிலம் இருக்கக் கூடாது. மண் பாதி உயரம் சேர்வதற்குள் அள்ளிவிடுங்கள்.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, வாய்க்காலுக்குக் குறுக்கே இரட்டை வேலி போட்டுவிட்டுப் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்தத் துணியைக் கீழே ஒரு மரக்கிளையிலிருந்து அவிழ்த்து எடுத்தேன்.

வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கினால் போதாதா?

போதாது. கட்டுகளுக்கு இடையில் நீர் புகும், சில வாரங்களில் அவை மக்கிவிடும். அவிழ்த்து மண்மேல் பரப்புங்கள். அங்கேதான் வைக்கோலுக்கு மதிப்பு.

வண்டல் குட்டை வெட்டினோம். மூன்று நாளாகியும் நீர் தேநீர் நிறத்திலேயே இருக்கிறது. குட்டை சிறியதா? (ஆய்வாளர்)

சிறியதாகவும் இருக்கலாம், ஆனால் காரணம் களிமண்ணாக இருக்கும். அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் 1 மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதுவும் காற்றடிக்காமல், புது நீர் வராமல் இருந்தால்தான். குட்டையை இரட்டிப்பாக்கினாலும் களி அவ்வளவு எளிதில் படியாது. குட்டை மணலுக்கும் வண்டலுக்கும்தான். களியை அது கிடக்கும் இடத்திலேயே மூடி வைப்பது ஒன்றே வழி.

இப்போது தேங்கியிருப்பதற்குப் படிகாரம் உதவும். பானை நீரில் நாம் கலக்குகிற அதே படிகாரம்தான். ஆனால் அளவு மிஞ்சினால் நீர் அமிலத்தன்மை அடையும். ஒரு குப்பியில் சோதித்துப் பார்க்காமல் மூட்டையாகக் கொட்டாதீர்கள். களியைத் திரட்டிப் படியவைக்கும் பாலிமர் வாங்குவதென்றால் எதிர்மின் வகையைக் கேளுங்கள். நேர்மின் வகை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும்.

குட்டையின் வடிவத்தையும் பாருங்கள். நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு பெரிய குட்டையானாலும் நீர் குறுக்கே ஓடிப் போய்விடும். வெளியேற்றும் குழாய் அடியிலிருந்து இழுக்காமல் மேல் மட்டத்து நீரை இழுக்க வேண்டும்.

கான்கிரீட் லாரியைக் கழுவிய நீர் தெளிந்த பிறகு வடிகாலில் விடலாமா?

கூடாது. ஏமாற்றுவதே அந்தத் தெளிவுதான். சிமென்ட் கழுவிய நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 12க்கு மேல் இருக்கும். மீன்கள் 9க்குமேல் தாங்காது. பிஎச்சில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 7க்கும் 12க்கும் இடையில் காரத்தன்மை லட்சம் மடங்கு வித்தியாசப்படுகிறது. சேற்று நீரைப் பார்த்தால் யாராவது கூச்சல் போடுவார்கள். இதைப் பார்த்தால் நல்ல நீர் என்று கைகூடக் கழுவுவார்கள், கை எரிந்த பிறகுதான் தெரியும்.

வடிகாலிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குழி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். நீர் ஆவியாகிக் கெட்டிப்பட்டதை உடைத்து அப்புறப்படுத்தலாம். லாரி ஓட்டுநருக்குக் குழி எங்கே என்று தெரிய வேண்டும். பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். கான்கிரீட் தளத்தை அறுக்கும்போது வரும் வெள்ளைக் குழம்புக்கும் இதே விதி. காய்வதற்குள் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

டிப்பர் சக்கரத்தில் ஒட்டிய சேறு பெரிய சாலையில் விழுகிறது. தண்ணீர் லாரி வைத்துக் கழுவுகிறோம்.

கழுவினால் அது வடிகால் வாய்க்குத்தானே போகும்? காய்ந்ததும் பெருக்கி அள்ளுங்கள். வெளியேறும் வழியில் 15 மீட்டர் நீளத்துக்குப் பெரிய ஜல்லியைத் துணி விரிப்பின் மேல் பரப்பி வையுங்கள். பாதிச் சேறு அங்கேயே உதிர்ந்துவிடும். ஜல்லியின் இடுக்கு நிரம்பியதும் புது ஜல்லி போட வேண்டும்.

தார் போடும் நாளில் மழை வந்தால்?

சூடான கலவையைவிட, அதற்குமுன் தெளிக்கும் தார் எமல்ஷன், அதாவது நீரில் கலந்த தார்தான் கவலை. தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்து தார் ஒட்டியதும் கறுப்பாக மாறும். பழுப்பாக இருக்கும்போது மழை பிடித்தால் அப்படியே வடிகாலில் இறங்கிவிடும். வானம் கருத்திருந்தால் தெளிக்க வேண்டாம். தெளிக்கும் முன் வடிகால் வாய்களை மூடிவிடுங்கள்.

யார், எப்போது சோதிக்க வேண்டும்? எங்கள் இடத்தில் மாதக் கடைசியில் ஒரு படிவம் நிரப்புகிறோம்.

மாதக் கடைசியைப் பார்த்து மழை பெய்வதில்லை. வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கூடவே 6 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள். அமெரிக்க அனுமதி விதியில் உள்ள அளவு இது. நான் இதைத்தான் பின்பற்றினேன். பணியிடத்திலேயே ஒரு மழைமானி வையுங்கள். வானிலைச் செய்தி நகரத்துக்குச் சொல்லும், உங்கள் சரிவுக்குச் சொல்லாது.

சோதிப்பவர் குறையைக் கண்ட அன்றே ஆளை அனுப்பிச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். திட்டத்தின் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தம் எழுதுங்கள். வேலை பாதி நடந்த பிறகும் ஒரு திருத்தமும் இல்லாத வரைபடத்தைப் பார்த்தால், அதை யாரும் பிரித்ததில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சாலை முடிந்துவிட்டது. வேலிகளை எப்போது எடுக்கலாம்?

திறப்பு விழா முடிந்த அன்று அல்ல. அந்த நிலத்தில் இயல்பாக வளரும் அடர்த்தியில் 70 விழுக்காடாவது புல் மூடிய பிறகு. முதலில் வேலிக்குப் பின்னால் சேர்ந்த மண்ணை அள்ளி மேட்டில் பரப்பி விதையுங்கள், அதன்பின் துணியை உருவுங்கள். வரிசை மாறினால், இத்தனை மாதம் பிடித்து வைத்த மண் அத்தனையும் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும்.